மூன்றாவது கட்டத்தில் நான் போட்ட சுழி

இதை எழுதலாமா கூடாதா என்று முப்பது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். இரண்டு முறை நோட்டு வாங்கி, மேலே 'அம்மன் துணை' என்று எழுதி, அடுத்த வரி வராமல் மூடி வைத்தேன். எழுதினால் சாமி இல்லை என்பவர்கள் சிரிப்பார்கள். சாமி உண்டு என்பவர்கள் என் தப்பை மறந்துவிட்டு, அம்மன் மகிமை என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இரண்டுமே எனக்குப் பயமாக இருந்தது.

போன கார்த்திகையில் ஒரகடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில், பழைய பாய்லர் ஆட்களைக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். சின்ன வயசு இன்ஜினியர் பெண் ஒன்று எங்களை ஒரு பெரிய திரை முன்னால் உட்கார வைத்தது. எந்த மிஷின் எவ்வளவு கரண்ட் தின்கிறது, எவ்வளவு கரியமில வாயு வெளியே போகிறது, எல்லாம் கட்டம் கட்டமாக ஓடியது. சில கட்டங்களில் சுழி.

"இது பார்த்துப் போட்ட சுழியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல ஐயா, அங்க இன்னும் மீட்டர் வைக்கல. எதுவும் வரலன்னா அதுவாவே ஜீரோ காட்டும்" என்றது அந்தப் பெண்.

போர்த்திய பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் தங்கச்சி செல்வி வீட்டுக்குப் போய், "அந்த விஷயத்தை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுண்ணா. முனியம்மாக்காவ மட்டும் உட்டுடாத" என்றாள்.

என் படிப்பு எட்டாவது. அம்பத்தூர் பக்கம் கரி அள்ளிப் போடும் ஆளாகச் சேர்ந்து, நெருப்பின் முன்னால் ஆறு வருஷம் நின்று, பாய்லர் பரீட்சையில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறினேன். பிறகு எங்கள் ஊர் மணிமங்கலத்துக்குக் கிட்டேயே, ஒரகடம் பக்கம் ஓர் அட்டை ஆலையில் வேலை கிடைத்தது. அட்டையைக் காய வைக்க நீராவி வேண்டும், அந்த நீராவி என் பொறுப்பு. இப்போது அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. அப்போது வேலிக்காத்தானும் ஏரிக்கரையும்தான். எங்கள் சிம்னி ஒன்றுதான் உயரமான பொருள். அம்மா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செல்வியையும் அதே ஆலையில் அட்டைப்பெட்டி ஒட்டும் அறையில் சேர்த்துவிட்டேன். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது.

சொல்லப்போவது தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் நடந்தது. வளைகுடாவில் சண்டை, எண்ணெய் லாரி ஒழுங்காக வரவில்லை. எண்ணெயில் எரிந்துகொண்டிருந்த எங்கள் பாய்லரைத் திரும்ப நிலக்கரிக்கு மாற்றினார்கள். கரியும் கேட்டபோதெல்லாம் கிடைக்காது. ஒரு கூடை கரியைக்கூட வீணாக்காமல் எப்படி எரிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஓர் இன்ஜினியரைப் போட்டார்கள். அவர்தான் தேவசகாயம் சார், நாகர்கோவில்காரர்.

அவரைப்போல ஒரு மேலதிகாரியை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. சத்தம் போட மாட்டார். காலையில் வந்ததும் சிம்னியை அண்ணாந்து பார்த்து, புகையின் நிறத்தை நோட்டில் எழுதுவார். எதைத் தொடுவதற்கு முன்னாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைப்பார். நான் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"வே ஏழுமல, பாத்தீரா, நெனச்சீரா?"

தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறது சார் என்றால், "பாத்தீரா, நெனச்சீரா?" வால்வு மூடிவிட்டேன் சார் என்றால், அதற்கும் அதே. முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு அந்தக் கேள்விக்குப் பயந்தே இரண்டு முறை பார்க்கப் பழகினேன்.

அவர் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே நூறு கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று, பக்கத்தில் வரிசையாக மூன்று மருந்து பாட்டில். சிம்னி அடியில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாய் செருகி, நூறு கோடு அளவுக்குப் புகையை இழுக்க வேண்டும். ஒரு தண்ணீர்ப் புட்டி தனியாகத் தொங்கும். அதை உயர்த்தினால் புகை முதல் பாட்டிலுக்குள் போகும், இறக்கினால் திரும்பி வரும். அவசரப்படாமல் நாலைந்து முறை. முதல் பாட்டில் கரியமில வாயுவைக் குடித்துவிடும். நூறு தொண்ணூற்றிரண்டாகக் குறைந்தால், எட்டுக் கோடு கரியமில வாயு. அடுத்த பாட்டில் மிச்சமிருக்கும் பிராண வாயுவைக் குடிக்கும். பாட்டிலுக்கு ஒரு கட்டமாக, தினமும் நான் அதை நோட்டில் குறிக்க வேண்டும்.

"எட்டுன்னா தேவைக்கு மேல காத்த உள்ள விடுதீரு. சூடு பூரா வானத்துக்குப் போவுது. பன்னிரண்டு வரணும். வந்தா அதே நீராவிக்கு கரி கொறையும்" என்றார் சார்.

காற்றுக் கதவைக் கொஞ்சம் மூடி, கரியை மெல்லிசாகப் பரப்பி, ஒரு மாசத்தில் பன்னிரண்டு வந்தது. அன்றைக்கு நான் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். சார் ஒரு துண்டு வாங்கித் தின்றார்.

மூன்றாவது பாட்டில் காலி. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வேறொரு வாயு வரும், அதற்கு நிறமில்லை, வாடையில்லை, ஆளைக் கொல்லும், அதைக் குடிக்கிற மருந்து அதில் இருக்க வேண்டும் என்றார். பழைய மருந்து கெட்டுப்போயிருந்தது. ஆபீசில் புது மருந்து கேட்டு எழுதிக்கொடுத்தார்.

கரியை மிச்சம் பிடிக்க இன்னொரு ஏற்பாடும் செய்தார். மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை மிஷின் நிற்கும், நீராவி வேண்டாம். அந்த நேரத்தில் நெருப்பைப் பின்னால் தள்ளி, ஈரச் சாம்பலும் கரித்தூளும் போட்டு மூடுவோம். புகை போகிற வழியில் டேம்பர் என்று ஓர் இரும்புத் தகடு உண்டு. அதை நாலு விரல் இடைவெளி விட்டு இறக்குவோம். நெருப்பு சாகாமல் தூங்கும். ஒன்றரைக்குக் கிளறினால் எழுந்துகொள்ளும்.

பாய்லரிலிருந்து சிம்னிக்குப் புகை போகும் செங்கல் பாதை, ஒட்டும் அறையின் சுவரை ஒட்டியே போனது. பழைய செங்கல், விரிசல் இருந்திருக்கிறது. அந்த அறையில் காற்று வர, சுவர் உச்சியில் ஓட்டை ஓட்டையாக இரண்டு ஜாலி உண்டு. ஒன்பது பெண்கள் அங்கேதான் சாப்பிட்டு, அட்டையை விரித்து அரை மணி நேரம் சாய்வார்கள்.

ஆனி மாசம்தான் அது தொடங்கியது.

முதலில் சொன்னது முனியம்மா அக்கா. வடக்குப்பட்டுக்காரி, நாற்பது வயசு, ஒட்டும் அறைக்கு அவள்தான் மூத்தவள். வாயாடி. என்னைப் பார்த்தால், "இன்னா பாய்லர்காரரே, இன்னைக்கு இன்னா பொகைய வுட்டு எங்க புடவைய கருப்பாக்கப் போறீரு?" என்று வம்பிழுக்காமல் போக மாட்டாள். அவள் ஒருநாள் முகம் வெளிறி வந்தாள்.

"தம்பி, மத்தியானம் கண்ண மூடுனா யாரோ அட்டைய எண்ணுறாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... நல்லா கேக்குது. எட்டு வரிக்கும் எண்ணிட்டு நிறுத்திக்கிறாங்க. ஒம்பதாவது நான்தான்."

"கனாக் கண்டிருப்பக்கா."

"முழிச்சிக்கினு கீறவளுக்கு இன்னாயா கனா?"

மறுநாள் வேறு ஒருத்திக்குக் கொலுசுச் சத்தம். அடுத்த வாரம் செல்வி சாயங்காலம் என்னோடு நடந்து வரும்போது, சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணா, அம்மா கூப்பிட்டுச்சு. 'வா கண்ணு, வந்து படு'ன்னுச்சு. தல வலிச்சிக்கினே இருந்துச்சா, அந்தக் கொரலக் கேட்டதும் நல்லா இருந்துச்சுண்ணா."

வெட்டவெளி ரோடு, வெயில் இன்னும் இறங்கவில்லை. வீடு வரை அவள் கையை விடாமல் பிடித்து நடந்தேன்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் மே மாசம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நாடே அறியும். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்தச் சாவுச் செய்தியையும் ஜனங்கள் நம்பத் தயாராக இருந்தார்கள். ஆலை கட்டின இடத்தில் முன்பு ஓர் எல்லையம்மன் கல் இருந்தது, பெயர்த்து ஏரிக்கரையில் வைத்துவிட்டார்கள் என்றும் பேச்சு உண்டு. உச்சிவேளை அம்மன் நடமாடும் நேரம். எல்லாம் பொருந்தியது. பெண்களின் முகமும் மத்தியானத்தில் ஒரு மாதிரி சிவந்து பளபளத்தது, மஞ்சளும் குங்குமமும் அப்பினதுபோல. கல்யாணக் களை என்று செல்வியைக் கேலி செய்தார்கள். அம்மன் களை என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஜாலியில் கூடு கட்டியிருந்த இரண்டு சிட்டுக்குருவி செத்துக் கீழே கிடந்தன. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, காவு வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் தேவசகாயம் சாரின் தாயார் படுக்கையில் விழுந்துவிட்டார். அவர் ஊருக்குப் புறப்பட்டார். போகும்போது நோட்டைக் காட்டி, "மூணாவது மருந்து வந்ததும் மத்தியானம் டேம்பர் எறக்கின பெறவு பாரும். அதுவர அந்தக் கட்டத்தக் காலியா விடும்" என்றார். பெண்கள் பேசுவதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், நம் அம்மன் சங்கதி அவருக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இனி என் இரண்டு தப்பு.

வாரம் ஒருமுறை ஆபீஸ் குமாஸ்தா நோட்டைப் பார்த்து நகல் எடுக்க வருவார். "இன்னாபா, ஒரு கட்டம் காலியாவே கீது? மேல கேப்பாங்களே" என்றார். காலியாக விட்டால் வேலை செய்யாதவன்போல எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து, மேலிருந்து கீழ்வரை வரிசையாகச் சுழி போட்டேன். அவர் நகல் எடுத்துக்கொண்டு போனார். அந்த வாயு சுழிதானே வருகிறது, மருந்து எதற்கு என்று ஆபீசில் நிறுத்திவிட்டார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தப்பு பக்தியால் செய்தது. ஆடி பிறந்ததும் அந்த அறையில் அம்மனுக்கு ஒரு மாடம் வைத்தால் சாந்தியாகிவிடுவாள் என்று பெண்கள் சொன்னார்கள். எனக்கும் சரியென்று பட்டது. மூங்கில் ஏணி போட்டு ஏறி, ஒரு ஜாலியை வெளிப்பக்கம் செங்கல் வைத்து அடைத்து, சுண்ணாம்பு பூசி, உள்பக்கக் குழியில் அம்மன் படம் வைத்தேன். ஒன்று மட்டும் அடைத்தால் ஒற்றைக்கண்போல இருக்கிறது என்று மற்றதையும் அடைத்து, அங்கே விளக்கு வைத்தேன். மஞ்சள் பூசினது என் கை. பொட்டு வைத்தது முனியம்மா அக்கா.

"பாய்லர்காரரு நல்லவருதான், மூஞ்சிதான் கரி" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது ஆடி வெள்ளி. காற்று பேயாக அடித்தது. பெண்கள் வீட்டிலிருந்து கூழும் பழமும் கொண்டுவந்து, மத்தியானம் படையல் போட்டார்கள். விளக்கு அணையாமல் இருக்க அறைக்கதவை உள்ளே தாழ்போட்டார்கள். நான் நெருப்பை மூடி, டேம்பரை இறக்கிவிட்டு, பின்பக்கம் கரிக்குவியலுக்கு அப்பால் நிழலில் சோற்றுத் தூக்கைத் திறந்தேன். சுற்றிலும் திறந்தவெளி. ஆடிக் காற்று முகத்தில் அறைகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

"டேய் ஏழுமல!"

அம்மாவின் குரல்.

எழுந்து நாலு பக்கமும் பார்த்தேன். கரிக்குவியல், வேலி, அதற்கு அப்பால் வறண்ட ஏரி. ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. திரும்ப உட்காரப் போனேன்.

"செல்வி எங்கடா? இன்னாடா பண்ணிக்கினு கீற இங்க?"

செல்வியிடம் வந்ததுபோல அது கொஞ்சும் குரல் இல்லை. சின்ன வயசில் அவளை நான் ஏரிக்கரையில் விட்டுவிட்டு விளையாடப் போனபோது, விளக்குமாற்றோடு வந்து அம்மா கேட்ட அதே கோபம். தூக்கு கையிலிருந்து விழுந்தது. ஒட்டும் அறைக்கு ஓடினேன்.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். மாடத்தில் விளக்கு ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தது. நல்லபடியாகப் பூஜை நடக்கிறது, நடுவில் தட்டுவது அபசாரம் என்று கையை எடுத்துவிட்டேன். போகவும் மனசில்லை, நிற்கவும் மனசில்லை. உள்ளே ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள், ஒரு வளையல் சத்தம்கூட இல்லை.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். தேவசகாயம் சார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பாய்லருக்குப் போயிருக்கிறார். தோளில் பை, கையில் என் நோட்டு.

"மூணாவது மருந்து வந்துட்டா?"

"இல்ல சார்."

"அப்போ இந்தச் சுழி?"

'பாத்தீரா, நெனச்சீரா' என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு சுவரின் உச்சியைப் பார்த்தார். வெளிப்பக்கம் ஜாலி இருந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு.

"உள்ள யாரு?"

"பொம்பளைங்க எல்லாம் சார். படையல். வெளக்கு எரியிது சார், நல்லாத்தான் எரியிது..."

"வெளக்கு அணையாதுவே! அந்த வாயுல வெளக்கு எரியும், மனுசன்தான் அணைவான். இடியும் அத!"

நெருப்புக் கிளறும் நீளக் கம்பியை எடுத்து வந்தேன். மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறினேன். ஆடி வெள்ளி, உச்சிவேளை, அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் நான் மஞ்சள் பூசிக் கும்பிட்ட அம்மன். கம்பியை ஓங்கின கை அப்படியே நின்றது. கீழே சார் ஒற்றை ஆளாகக் கதவில் தோளால் மோதிக்கொண்டிருந்தார். "தாயே, உன் மேலதான் அடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி இடித்தேன். இரண்டாவது அடியில் செங்கல் உள்ளே போனது. படம் விழுந்து உடையும் சத்தம் கேட்டது. கதவும் பெயர்ந்தது.

வரிசையாகப் படுத்திருந்தார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்தமாதிரி. எல்லார் முகமும் செக்கச்செவேல் என்று, தூங்கும் குழந்தை முகம்போல அழகாக இருந்தது. அந்த அழகைத்தான் இன்னும் கனவில் காண்கிறேன். சட்டியில் கூழும் இலையில் பழமும் அப்படியே இருந்தன. மற்ற மாடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காற்றில் இழுத்துப் போட்டோம். எட்டுப் பேருக்கு மூச்சு திரும்பியது. விளக்கு மாடத்துக்கு நேர்கீழே, புகைப்பாதைச் சுவரில் தலை வைத்துப் படுத்திருந்த முனியம்மா அக்காவுக்குத் திரும்பவில்லை. செல்வி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் திறந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஒருவரும் தேறியிருக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். நான் கரிக்குவியல் பின்னாலேயே இருந்திருந்தால், சார் என்னைத் தேடிக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

விசாரணைக்கு முன்னால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுதச் சொல்லி ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். சார் நோட்டைக் கொடுக்கவில்லை. அதிகாரிகள் முன்னால், "நாலு விரல்னு டேம்பர் எறக்கச் சொன்னது நான். சிம்னிக்குப் போவ வேண்டிய வாயு சுவர் விரிசல் வழியா அறைக்குள்ள போயிருக்கு. சுவர நான் சோதிக்கல்ல" என்று முதலில் தன் தப்பைச் சொன்னார். பிறகு நான் சுழியையும் செங்கல்லையும் சொன்னேன். எனக்கு மூன்று மாசம் வேலை இல்லை. சார் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். செல்வியின் கல்யாணம் தையில் நடந்தது. அவளுக்கு வலது கை விரல்கள் இன்றும் லேசாக ஆடும். கோலம் போட்டால் கோடு நேராக வராது.

சார் புறப்பட்ட அன்று, ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்தக் குரலைப் பற்றி அவரிடம் சொன்னேன். பெண்கள் கேட்டதெல்லாம் அந்த வாயு மூளையில் செய்த வேலை என்று அவர் எனக்கு விளக்கியிருந்தார். நான் அதை ஒப்புக்கொண்டேன், இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் நின்றது திறந்தவெளியில். ஆடிக் காற்றில்.

கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். தொடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, என்னவோ பழக்கம்.

"கேட்டீரா, நெனச்சீரா?"

"கேட்டேன் சார்."

பஸ் வந்து நின்றது. அவர் ஏறினார். படியில் நின்று திரும்பி, "அப்போ கேட்டேன்னே எழுதும். ஏன்னு தெரியல்லன்னும் எழுதும். அந்தக் கட்டத்தையும் நீரா நிரப்பிராதயும்" என்றார்.

எழுத முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை வேறு ஆலைகளில் பாய்லர் பார்த்தேன். கரி போய் எண்ணெய், எண்ணெய் போய் காஸ். இப்போது சிம்னியில் புகையே தெரிவதில்லை. தெரியாததால் எதுவும் போகவில்லை என்று யாராவது சொன்னால், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது முனியம்மா அக்கா எண்ணுவது என் காதில் விழும். எட்டு வரை எண்ணி நிறுத்துவாள். அவள் பெயரைச் சொல்லி ஒரு அகல் தனியாக ஏற்றி வைக்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான்.

படித்தவர்கள் இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என் தாயின் குரலை எடுத்துவிட்டு வாயுவை மட்டும் வைக்காதீர்கள். வாயுவை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைக்காதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு அந்தச் சுழியை அழிக்காதீர்கள். ஒன்பது பேர் படுத்திருந்தார்கள், எட்டுப் பேர் எழுந்தார்கள். அப்படியே சொல்லுங்கள்.